தோட்டத்து வேலியும் தொழிலாளர் கழகமும்

(இராயப்பன்பட்டியில் தமிழன்பர்கள் கூடிய அரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ்ச்சொற்கள் கடல் கடந்து ஆங்கிலத்திற் குடிபுகுந்த பெருமையை நம்மவர் மேடைதோறும் பேசி மகிழ்வர். கட்டுமரம் போயிற்று; சுருட்டுப் போயிற்று; மிளகுத்தண்ணீரும் போயிற்று. மகிழத்தக்கதே. ஆனால் அதே கப்பல்களில் வேறு மூன்று தமிழ்ச்சொற்களும் போயின. அவற்றை யாரும் மேடையில் எடுத்துச் சொல்வதில்லை. கூலி, கங்காணி, துண்டு என்பன அவை.

கூலி என்பது திருவள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமையில் எடுத்தாண்ட சொல். உடல் வருந்தி உழைத்தமைக்குக் கிடைக்கும் பயன் என்பதே அதன் பொருள். வெள்ளையன் வாயிற்பட்டதும் அது பயனைக் குறியாமல் ஆளைக் குறிக்கலாயிற்று. ஆளைக் குறித்து, பின்னர் இழிவைக் குறிக்கலாயிற்று. (ஆங்கில அகரமுதலியார் சிலர் அச்சொல்லுக்கு வடநாட்டுப் பிறப்பும் காட்டுவர். அஃது எவ்வாறாயினும், தென்னாட்டுத் தோட்டங்களிலும் ஈழத்து மலைகளிலும் அது தமிழாகவே வழங்கிற்று.) கங்காணி என்பது கண்காணி. பயிரையும் பணியையும் கண்ணாற் காப்பவன் என்னும் நற்பொருட் சொல், ஊரூராய்ச் சென்று முன்பணம் கொடுத்து ஆள்பிடிப்பவனுக்குப் பெயராயிற்று.

துண்டு என்ற சொல்லின் கதையே மிகக் கொடிது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வேறு தோட்டம் போக விரும்பிய தொழிலாளி வெறுங்கையோடு போகவியலாது. ‘இன்ன தொகையைச் செலுத்தினால் இவ்வாட்கள் விடுவிக்கப்பெறுவர்’ என்று துரை எழுதிக் கொடுக்கும் தாள்தான் துண்டு. அத்தொகை கங்காணி தலையில் எழுதப்பட்டு, கங்காணியால் தொழிலாளி தலையில் ஏற்றப்பட்ட கடன். தாளிலே கடன் கைமாறும். கடனோடு ஆளும் கைமாறுவான். மாடு விற்பவன்கூடத் துண்டைத் தோளிற் போட்டு அதன் மறைவில் விரல்பிடித்து விலை பேசுவான். அங்கோ துண்டிலேயே மாந்தனை எழுதி விற்றனர். அம்முறை 1921-இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இம்மூன்று சொற்களையும் துரைமார் தயக்கமின்றி எடுத்துக்கொண்டனர். நான்காவது ஒரு சொல்லை மட்டும் தோட்டத்து வேலிக்குள் விடமாட்டோமென்று நின்றனர். அது கழகம், மக்கள் வழக்கிற் சொன்னால் சங்கம். அந்த வேலியைப் பற்றியதே இன்றைய பேச்சு.

கழகம் என்பது துரைமார்க்கு வேண்டாத பொருளன்று. தமக்கென அவர்கள் அதை முன்னரே அமைத்துக்கொண்டனர். இலங்கைத் தோட்ட முதலாளிகள் 1854-இலேயே ஒன்றுகூடிக் கழகம் கண்டனர். நீலமலையிலும் வயநாட்டிலும் ஆனைமலையிலும் பரந்திருந்த தென்னிந்தியத் தோட்டக்காரர் 1893-இல் ஐக்கிய தோட்ட முதலாளிகள் சங்கம் நிறுவினர். அதன் தலைமையிடம் குன்னூர். அக்கழகம் வெறும் விருந்துக்கும் வேட்டைக்கும் கூடியதன்று. முன்பணம் வாங்கிய தொழிலாளி தோட்டத்தை விட்டு ஓடினால் அவனைப் பிடித்து ஒறுக்கத்தக்க சட்டம் வேண்டுமென்று சென்னை அரசுக்கு ஓயாது முறையிட்டது.

அதற்கு முன்னர்ச் சட்டம் இல்லாமலில்லை. 1859-ஆம் ஆண்டின் 13-ஆம் சட்டம் இருந்தது. கல்கத்தா வணிகக் கழகத்தாரின் வேண்டுகோளாற் பிறந்த சட்டம் அது. முன்பணம் பெற்று வேலையை முடியாது போன கைவினைஞனைச் சிறைக்கு அனுப்பலாம் என்று மாநகரங்களுக்காக எழுதப்பட்டதை மலைத்தோட்டங்களுக்கும் நீட்டினர். உடன்படிக்கையை முதலாளி மீறினால் அது பணவழக்கு. தொழிலாளி மீறினால் குற்றவழக்கு! ஒரே ஓலையில் இருவர் கைந்நாட்டு. ஒருவனுக்கு மட்டும் விலங்கு. அதுவும் போதவில்லையென்று துரைமார் முறையிட, 1896-இல் உசாவற்குழு அமைந்தது. 1903-இல் சென்னைத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. முறையிட்டோர் கேட்டதே சட்டமாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்கீழ்ச் சென்னைச் சட்டமன்றத்தில் தோட்ட முதலாளிகளுக்கெனத் தனியே ஓர் இடமும் ஒதுக்கப்பட்டது. பல்லாயிரம் தொழிலாளிக்கு வாக்கே இல்லாத காலத்தில் ஒரு கைப்பிடி முதலாளிகளுக்கு ஓர் உறுப்பினர்!

இனி, தொழிலாளி கழகம் அமைத்தால் நேர்ந்தது என்ன? சென்னையில் 1918 ஏப்பிரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், தமிழாசிரியராயிருந்த திரு.வி.க. அதன் பெருந்தூண்களுள் ஒருவர். தமிழ் கற்பிப்போர் ஏட்டோடு அமைந்துவிட வேண்டுமென்று எண்ணுவார்க்கு அவர் வாழ்க்கையே விடை. பின்னி ஆலையார் அச்சங்கத் தலைவர்கள்மீது உயர் அறமன்றத்தில் வழக்கிட்டனர். தொழிலாளரை வேலைக்கு வாராதிருக்கத் தூண்டியதாற் கும்பணிக்கு இழப்பு என்பதே வழக்கு. தடையாணையும் கிடைத்தது, பேரிழப்பீடும் விதிக்கப்பட்டது. கூடிப் பேசுவதே கூட்டுச்சூழ்ச்சி என்னும் இந்நிலையை மாற்றவே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது.

ஆலைக்கு வந்த உரிமை வயலுக்கும் மலைக்கும் வந்ததா? தாளில் வந்தது. உலகத் தொழிலமைப்பு 1921-இலேயே உழவுத் தொழிலாளர்க்கும் ஆலைத் தொழிலாளரையொத்த கூடும் உரிமை உண்டென்று உடன்பாடு வகுத்தது. 1923-இல் இந்திய அரசும் அதில் ஒப்பமிட்டது. ஒப்பமிட்டு நூறாண்டு கடந்துவிட்டது. ஆனால் ஆலைத் தொழிலாளி மாலையில் வாயிலைக் கடந்து தெருவுக்கு வருவான். தெரு யாருக்கும் பொது. அங்கே கழகத்தான் அவனைக் காணலாம். தோட்டத் தொழிலாளிக்குத் தெரு ஏது? அவன் உறங்கும் வரிசைவீடும் துரையின் நிலத்தில். நீர் முகக்கும் ஓடையும் துரையின் நிலத்தில். நடக்கும் பாதையும் துரையின் நிலத்தில். அவனைக் காண உறவினன் வந்தாலும் அத்துமீறி நுழைந்தவன் என்று வழக்கிடலாம். தோட்டவேலியே சட்டமாயிற்று. 1931-இல் அறிக்கை தந்த அரசத் தொழிலாளர் ஆணையமே தோட்டத் தொழிலாளரின் குடியிருப்புக்குப் பொதுமக்கள் சென்றுவரும் உரிமை வேண்டுமென்று எழுதவேண்டியதாயிற்று. ஒருவன் வீட்டுக்கு மற்றொருவன் செல்வதற்கு ஆணையம் பரிந்துரைக்கவேண்டிய நிலை!

இவ்வேலியைத் தாண்டிய தமிழர் ஒருவர் கோ. நடேசய்யர். தஞ்சையிலிருந்து இலங்கை சென்றவர், செய்தித்தாள் நடத்தியவர். தோட்டத்துக்குள் கழகத்தானாகப் போகமுடியாதென்று கண்டு, துணி விற்பவர்போலத் தலையிற் சுமை தூக்கி வரிசைவீடுகளுக்குட் புகுந்தார் என்பது மலையகம் அறிந்த செய்தி. அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மையார் தொழிலாளர்க்கு விளங்கும் எளிய தமிழிற் பாட்டுக் கட்டிப் பாடினார். 1931-இல் அவர் தோட்டத் தொழிலாளர் சங்கம் நிறுவினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திற் கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் சுட்டு மாண்டான். அவ்வாண்டே முதலாளிகள் கழகம் இறங்கிவந்து ஏழு கூறுகள் கொண்ட உடன்பாட்டில் ஒப்பமிட்டது. அதன் பின்னர் நிகழ்ந்ததையும் மறத்தலாகாது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியப் பேராயம் 7 இடங்களை வென்றது. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமையும் அதனையடுத்து வாக்குரிமையும் பறிபோயின. கழகமாய்க் கூடியவனை அடக்க வேலி போதாதபோது நாட்டையே வேலியாக்கினர் என்க.

கடல் கடந்தது போதும், தஞ்சைக்கு வருவோம். அங்கே பண்ணையாளைக் காக்க 1952-இல் ஒரு சட்டம் வந்தது. பண்ணையாளை எளிதில் வெளியேற்றலாகாது என்று அது சொல்ல, பெருநிலக்கிழார் பலர் பண்ணையாள் என்ற பெயரையே ஒழித்து, அன்றாடக் கூலியாக்கிச் சட்டத்தை வெறுந்தாளாக்கினர். 1966-இல் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் அவர்கள் ஒன்றுதிரண்டனர். சேற்றில் இறங்கி நெல்லை விளைத்தோர் வேறு. சங்கத்துப் பெயரில் விளைப்போராய் நின்றவர் வேறு. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட தொழிலாளரிடம், படிநெல்லைப் பற்றி அவர்கள் பேசவில்லை. செங்கொடியை இறக்கு, சங்கத்தை விடு என்பதையே பேசினர். வழக்கு அரைப்படிக்கன்று, கூடும் உரிமைக்கு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1968 திசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்தன. பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. எரிந்தோர் ஒடுக்கப்பட்ட குலத்துத் தமிழர். எரித்தோர் பக்கமும் தமிழ் பேசினர். தமிழ், தமிழர் என்று முழங்குவோர் இவ்விடத்திற் கண்ணை மூடிக்கொண்டு கடந்துபோதல் ஆகாது.

அதன்பின் கணபதியாப் பிள்ளை ஆணையம் அமைந்தது; 1969-இல் உழவுத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அது கீழைத் தஞ்சையை நோக்கி எழுந்த சட்டம்; நாடு முழுமைக்கும் ஆனதன்று. கீழ்மன்றம் 1970-இற் குற்றவாளிகளென்று கண்ட நிலக்கிழாரை உயர் அறமன்றம் 1973-இல் விடுவித்தது.

‘இதெல்லாம் ஏழைநாட்டுக் கதை’ என்பார் உளர். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவைப் பாருங்கள். அதுவும் இவ்வூர் உழவர்க்கு நன்கு தெரிந்த கொடிமுந்திரியைக் கொண்டே பாருங்கள். (திராட்சை என்னும் வடசொல் எங்கும் பரவிவிட்டது, கொடிமுந்திரி என்றால் இங்குள்ள இளைஞரே விழிக்கின்றனர்.) அந்நாட்டில் 1935-இல் தொழிலாளர் கூடும் உரிமைச்சட்டம் வந்தபோது, உழவுத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் அதிலிருந்து பெயர்சொல்லி விலக்கினர். பெரும்பண்ணையாரின் செல்வாக்கும் தென்மாநில உறுப்பினரின் நிறவெறியும் அதற்குக் கரணியம். 1965 செப்டம்பரிற் கலிபோர்னியாவின் தெலானோவிற் கொடிமுந்திரித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. முதலில் எழுந்தோர் இலாரி இட்லியாங் தலைமையிற் பிலிப்பைன் நாட்டார். சில நாளிற் சீசர் சாவேசு தலைமையில் மெக்சிக்கரும் சேர்ந்தனர். இருமொழியார் ஒரே பந்தலின்கீழ் நின்றனர். ‘கொடிமுந்திரி வாங்காதீர்’ என்று நாடெங்கும் மக்கள் மறுக்க, ஐந்தாண்டு கழித்து 1970-இற் பண்ணையார் ஒப்பமிட்டனர்.

1975-இற் கலிபோர்னியா உழவுத் தொழிலுறவுச் சட்டம் வந்தது. அதன்கீழ் ஒரு நெறிமுறை: கழகத்தார் வேலைக்கு முன் ஒருமணி, உணவு வேளையில் ஒருமணி, வேலைக்குப் பின் ஒருமணி தோட்டத்துக்குள் வந்து தொழிலாளரோடு பேசலாம், ஆண்டில் 120 நாள் வரை. அவ்வளவே! பண்ணையார் பொறுத்தாரல்லர். 1976 தொடக்கத்தில், சட்டத்தை நடத்தும் வாரியத்துக்குப் பணம் வாராதபடி சட்டமன்றத்தில் தடுத்தனர். வாரியம் திங்கள் கணக்கிற் செயலற்றுக் கிடந்தது. அந்நெறிமுறையை நிலைப்படுத்த அவ்வாண்டு நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தபோது பெருந்தொகை செலவிட்டு எதிர்த்தனர். அவர்கள் ‘எம் வருவாய் குறையும்’ என்று சொல்லவில்லை. ‘ஏழை உழவன் வீட்டுக்குள் அயலான் நுழைவான், உங்கள் வீட்டுக்கும் நாளை வருவான்’ என்றே சொன்னார்கள். வாக்கெடுப்புத் தோற்றது. எஞ்சி நின்ற நெறிமுறையையும் இரு கும்பணிகள் உச்ச அறமன்றம் வரை இழுத்தன. ஒன்று செம்புற்றுப்பழ நாற்றுக் கும்பணி, மற்றொன்று கொடிமுந்திரியும் நாரத்தை இனப் பழங்களும் அனுப்பும் கும்பணி. 2021 சூன் 23-இல் ஆறு நடுவர் ஒருபுறமும் மூவர் ஒருபுறமுமாய், அந்நுழைவு முதலாளியின் உடைமையைப் பறிப்பதாகும் என்று தீர்ப்பாயிற்று. நடேசய்யர் துணிமூட்டையோடு தாண்டிய அதே வேலி!

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். ‘உழவனுக்கே கட்டவில்லை, கூலிக்காரனுக்குக் கழகம் வேறா?’ என்று இப்பள்ளத்தாக்கிலும் கேட்பர். ஓர் ஏக்கர் பந்தலில் ஆண்டு முழுதும் கண்விழித்து, மழையிற் பழம் வெடித்துத் தரகர் சொன்ன விலைக்குக் கொடுப்பவன் பண்ணையாரல்லன். அவன் கேள்வி உண்மையானது. ஆனால் அவனைக் கெடுப்பது கூலியாளின் கழகமன்று. அவனுக்கே ஒரு கழகம் இல்லாமை. பெருமுதலாளி தன்னைச் சட்டம் தொடும்போதெல்லாம் இச்சிற்றுழவனைப் பிடித்து முன்னே நிறுத்திக்கொள்கிறான்; கலிபோர்னியாவில் நடந்ததும் அதுவே. விலைபேசும் நாளில் அவனைப் பின்னே தள்ளிவிடுகிறான்.

இனி, நாள்தோறும் நடக்கும் செய்தி. விடியுமுன் இப்பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து மலையேறும் வண்டிகளை எல்லாரும் அறிவர். மக்கள் அதைச் ‘சீப்பு’ என்கின்றனர். தலைவாரும் சீப்பிற் பல் நெருங்கியிருப்பதுபோல உள்ளே ஆள் நெருங்கியிருப்பதால் அப்பெயர் பொருந்தித்தான் போகிறது. கம்பம்மெட்டு வழியும் குமுளி வழியும் போடிமெட்டு வழியும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் போகின்றனர், பெண்களே பெரும்பாலார். வளைவில் வண்டி கவிழ்ந்து மாண்டவர் பலர். தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் மிகுந்த வட்டங்களாயிருந்தும் 1956 நவம்பர் முதல் கேரளத்தோடு நின்றன. நிலம் போனது பற்றிப் பேசுவோர் பலர். அந்நிலத்தில் நாள்தோறும் குனிந்து ஏலக்காய் எடுப்பவளைப் பற்றிப் பேசுவோர் சிலரே. உறங்கும் ஊர் ஒரு மாநிலம், உழைக்கும் தோட்டம் வேறு மாநிலம். இன்று ஒரு தோட்டம், நாளை வேறொன்று. ஆள்சேர்ப்பவர் வண்டிக்காரரோ தரகரோ. புதுக்கங்காணி என்றாலும் தகும்.

ஏலக்காய்க்குப் போடியிலும் புற்றடியிலும் ஏலம் நடக்கிறது. அன்றன்று விலை எழுதப்படுகிறது. விளைப்போர்க்கும் வணிகர்க்கும் கழகங்கள் உள்ளன. எடுத்தவளுக்கு என்ன உள்ளது? 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1981 திருத்தத்துக்குப் பின்னரும் 5 எக்டேருக்கும் 15 ஆளுக்கும் குறைந்த தோட்டத்தைத் தானே தொடாது. ஏலத்தோட்டங்களிற் சிறியன மிகுதி. அப்பழஞ்சட்டம் இன்று இல்லை. 2020-இல் இயற்றிய தொழிற்சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்தபோது அவற்றுள் அடங்கிவிட்டது. புதிய தொழிலுறவுத் தொகுப்பின்படி, பல கழகங்கள் உள்ள இடத்தில் வருகைப் பதிவேட்டிலுள்ளோரில் 51 விழுக்காட்டினரைக் கொண்ட கழகமே முதலாளியோடு பேச்சு நடத்தும் தனிக்கழகம். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். நாளைக்கு எந்தத் தோட்டம் என்றே அறியாதவள் 14 நாளுக்குமுன் யாருக்கு அறிவிப்பாள்? எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவள் எந்த 51 விழுக்காட்டிற் சேர்வாள்? உழவுத் தொழிலாளர்க்கென நாடு தழுவிய தனிச்சட்டம் வேண்டுமென 1991-இல் ஊரகத் தொழிலாளர் ஆணையம் பரிந்துரைத்தது. அச்சட்டம் இன்றுவரை வரவில்லை. கேரளம் 1974-இல் தனக்கென ஒன்று செய்துகொண்டது.

கழகம் இருந்தாலும் போதாது என்பதை 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தமிழ்ப்பெண்கள் காட்டினர். நாட்கூலி 232 உருபா. மிகையூதியம் 20 விழுக்காட்டிலிருந்து 10-ஆகக் குறைக்கப்பட்டது. பழைய கழகத் தலைவர்களையும் கட்சிக்காரரையும் அருகே வரவொட்டாமல், பெண்கள் தாமே பெருந்திரளாய்ச் சாலையில் அமர்ந்தனர்; தம் அமைப்புக்குப் ‘பெம்பிளை ஒருமை’ என்று பெயரிட்டனர். ஒன்பதாம் நாள் 20 விழுக்காடு கிடைத்தது. பின்னர் நாட்கூலியும் 301 உருபாவாயிற்று. தோட்டமுதலாளிகள் சங்கம் கூலியுயர்வைத் தாங்கவியலாது என்றே இறுதிவரை வழக்காடிற்று. கேட்ட 500 கிடைக்கவில்லை. அவர்கள் வேலிக்குள் அமர்ந்திருந்தால் அதுவும் கிடைத்திராது. சாலை பொதுவாதலால் அங்கே அமர்ந்தனர்.

தமிழ்த் தொண்டு செய்வோர் இப்பள்ளத்தாக்கிற் செய்யத்தக்க பணி ஒன்று கைக்கெட்டும் அளவில் இருக்கிறது. வண்டி ஏறும் ஒவ்வொருத்திக்கும் அன்றன்று தமிழில் ஒரு துண்டு எழுதித்தரப் பெறவேண்டும். அதிற் கடன் இராது. அவள் பெயர், தோட்டத்தின் பெயர், தோட்டக்காரர் பெயர், ஏற்றிச்சென்றவர் பெயர், வேலைநேரம், பேசிய கூலி, பிடித்த தொகை, நாள் ஆகியன இருக்கும். எழுதப் படித்த இளைஞர் ஊருக்கு நால்வர் விடியலில் வண்டி நிற்குமிடத்தில் நின்றால் போதும். அந்தத் தெரு யாருக்கும் பொது. முதலாளி கொடாவிடினும் எழுதிவைத்த ஏடு இருக்கும். வண்டி கவிழ்ந்தால் இழப்பீட்டுக்கும், கூலி குறைந்தால் வழக்குக்கும், பதிவேட்டிற் பெயரேற்ற முறையிடுவதற்கும் முதற்சான்று அவ்வேடு. உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் போடியிலும் உள்ள தமிழ்மன்றத்தார் வரும் கிழமையிலேயே இதைத் தொடங்கலாம். பலகையும் ஏடும் எழுதுகோலுமே செலவு.